கிண்டியில் ஒரு பச்சைப் புள்ளி

எட்டு. கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் எட்டுதான். காலையில் பெரம்பூரில் மின்சாரக் காரைக் கிளப்பும்போது பத்தொன்பது இருந்தது. பத்தொன்பது பர்சென்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரி வரைக்கும் போய்ச் சேர முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் வழியில் எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. வழியில் எங்கேயாவது! போனைத் திறந்தால் அம்மை வார்த்த உடம்பு மாதிரி மெட்ராஸ் முழுக்கப் பச்சைப் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு சார்ஜர், எல்லாம் காலியாக இருக்கிறதாம், எல்லாம் இவருக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறதாம். முதல் புள்ளி ஒரு பெரிய கடை வளாகத்தில், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் இருந்தது. சார்ஜர் இருந்தது, கரண்ட் இருந்தது, போனில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாமல் ஆப் திறக்காது, ஆப் திறக்காமல் சார்ஜர் ஆரம்பிக்காது. மேலே போய் ஆப்பைத் திறந்துகொண்டு கீழே ஓடி வந்தால், வருவதற்குள் அது தானாக மூடிக்கொண்டுவிடுகிறது. மூன்று தடவை அந்தச் சரிவில் ஏறி இறங்கினார், ஐம்பத்து நாலு வயசில். இரண்டாவது புள்ளி நுங்கம்பாக்கத்தில் ஒரு கட்டிடத்தின் வாசலில். அங்கே சார்ஜருக்கு நேர் எதிரே ஒரு பெட்ரோல் கார், நிழல் விழுகிற இடமென்று யாரோ மகராசன் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சார் டிபன் சாப்பிடப் போயிருக்கார், இதோ வந்துடுவார் என்று காவலாளி சொன்னதை நம்பி இருபது நிமிஷம் நின்றதுதான் மிச்சம். இது மூன்றாவது. கிண்டி ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க், அதன் பின்மூலையில் காற்றடிக்கிற இடத்தை ஒட்டி ஒரு தகரக் கூரை, கூரைக்கடியில் ஒரு பெட்டி, பெட்டியில் காரில் செருகுகிற இரண்டு கன். ஒரு கன்னின் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்று ஒரு வெள்ளை டாக்ஸியில் செருகியிருந்தது. மணி பதினொன்று நாற்பது.

ஒன்றேகாலுக்குள் போயாக வேண்டும். இன்றைக்கு வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். மின் மயானத்தில் இரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், அதை விட்டால் சாயங்காலம்தான் என்று காலையிலேயே அக்கா மகன் ஞானவேல் சொல்லிவிட்டான். அக்கா விசாலாட்சி விடியற்காலை நாலரை மணிக்குப் போய்விட்டாள். கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு இருப்பது இவர் ஒருத்தர்தான். மாலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை மட்டும் பிறந்த வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதையும் முன்கூட்டி வாங்கி வைக்கக் கூடாது, சாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மனைவி தமயந்தியை ஆறு மணிக்கே வாடகைக் காரில் அனுப்பிவிட்டு, நீ போய் அத்தான் பக்கத்துல இரு, நான் கோடி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் புரசைவாக்கத்தில் கடை திறக்கிறவரைக்கும் ஷட்டருக்கு எதிரே நின்றார். உள்ளே போனால் முதல் வியாபாரம் என்று கடைப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். விசேஷத்துக்கா சார் என்றாள். ஆமாம் என்றார். கல்யாணமா சார்? சொந்தத்துல என்றார். அதென்ன பதில், சொந்தத்துல? அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே போனாள். வேண்டாம்மா, தோள்ல போடாதே என்று கத்த வேண்டும் போலிருந்தது, வாய் வரவில்லை. அரக்குச் சிவப்பில் ஒன்றைக் கை காட்டினார். முதல் போணி என்று ஒரு குங்குமச் சிமிழை வேறு இலவசமாகப் பைக்குள் போட்டு, நல்லா வாழணும்னு சொல்லிக் குடுங்க சார் என்றாள். அந்தப் பைதான் இப்போது பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

டாக்ஸியில் ஐம்பத்திரண்டு என்று பெட்டியின் திரை காட்டியது. அதற்குக் கீழே, எண்பத்தைந்து ஆக இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம். முப்பத்தெட்டு. பன்னிரண்டு பதினெட்டு. அப்புறம் நாம் செருகினால் இருபது நிமிஷம் போதும், இருபத்தெட்டு முப்பது பர்சென்ட் வந்துவிடும், பன்னிரண்டு நாற்பது. இங்கேயிருந்து கூடுவாஞ்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர், ஜி.எஸ்.டி. ரோடு, குரோம்பேட்டையில் கொஞ்சம் நிற்கும், பெருங்களத்தூரில் கொஞ்சம் நிற்கும், ஒன்று பத்து, ஒன்று பதினைந்து. போய்விடலாம். போய்விடலாமா? நிற்காமல் இருந்தால் போய்விடலாம். இதெல்லாம் எதனால்? அடுக்குமாடிச் சங்கத்தால். எங்கேயோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ஸ்கூட்டர் எரிந்ததை எவனோ படமெடுத்து அனுப்ப, அது வாட்ஸ்அப் குழுவில் பதினாலு தடவை சுற்றி வர, சங்கத்துச் செயலாளர் அவசரக் கூட்டம் போட்டு, கீழ்த்தளத்தில் இனிமேல் யாரும் சார்ஜ் போடக் கூடாது என்று இவர் வாங்கி மாட்டியிருந்த பிளக்கின் ஒயரையே வெட்டிவிட்டார்கள். கட்டிடத்தில் இருக்கிற ஒரே மின்சாரக் கார் இவருடையது. ஒருத்தனுக்காக நாப்பத்தெட்டு குடும்பம் எரியணுமா சார் என்று கேட்டார்கள். இவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுதான் சொல்லியிருக்கிறார். கை தட்டி முடிவெடுத்தபோது இவரும் கூடச் சேர்ந்து இரண்டு தட்டுத் தட்டினார். அன்றிலிருந்து பச்சைப் புள்ளி தேடுகிற பிழைப்பு.

ரயில் வந்து நின்ற சத்தம். கதவில்லாத வண்டி, இரண்டு நிமிஷம் கூட நிற்காது, உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பிவிடும். செங்கல்பட்டு வண்டி. கூடுவாஞ்சேரியில் நிற்கும், நாற்பது நிமிஷம், ஸ்டேஷனிலிருந்து அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். இந்த எண்ணம் காரை நிறுத்தின உடனேயே வந்தது. வந்ததை வராத மாதிரி தள்ளிவிட்டார். காரை இங்கே விட்டுவிட்டுப் போனால் பங்க்காரன் சும்மா இருப்பானா? கேட்டால் விடுவான், கேட்க வேண்டும். கோடிப் புடவையைக் கூட்ட வண்டியில் எடுத்துக்கொண்டு போகலாமா, நாலு பேர் மேலே பட, யாராவது மடியில் வைக்கச் சொல்ல? பட்டால் என்ன, கடையில் எத்தனை பேர் தொட்டது. போய்ச் சேர்ந்தபிறகு அங்கே கார் வேண்டியிருக்குமே, வயசானவர்கள் யாரையாவது கொண்டுவிட வேண்டியிருக்குமே. ஆமாம், இதுவரை ரொம்பக் கொண்டுவிட்டுக் கிழித்துவிட்டாய். அடுத்த வண்டி பன்னிரண்டு மணி வாக்கில் இருக்கும். அதற்குள் டாக்ஸிக்காரன் ஒருவேளை எடுத்துவிட்டால்? ஒருவேளை எடுத்துவிட்டால் நாம் போடலாம், இல்லாவிட்டால் வண்டியைப் பிடிக்கலாம். அவ்வளவுதான், முடிவெடுத்தாகிவிட்டது. முடிவெடுத்ததும் உடம்பு கொஞ்சம் இலகுவானது. ஏ.சி.யைப் போட்டால் பர்சென்ட் இறங்கும் என்று போடாமல் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து வழியாக வியர்வை இறங்கி முதுகுக்குப் போயிற்று.

தகரக் கூரையைத் தாங்குகிற கம்பத்தில் ஒரு அட்டை கட்டித் தொங்கியது. கறுப்பு மையில் கோணல்மாணலாக யாரோ டிரைவர் எழுதியது. எண்பத்தைந்துக்கு மேல் போடாதீர். கண்ணாடியில் போன் நம்பர் வைக்கவும். ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், துக்கம் என்றால் முதலில் சொல்லவும், வழி விடுவோம். கோதண்டபாணி அதைப் படித்தார். பிறகு கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். சொல்ல வேண்டியதுதான். இறங்கி நாலு எட்டு வைத்துப் போய், எங்க அக்கா தவறிட்டாங்க, கூடுவாஞ்சேரி வரைக்கும் போகணும் என்று சொல்ல வேண்டியதுதான். காலையிலிருந்து அந்த வாக்கியத்தை இன்னும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தமயந்திக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, போனில் பேசும்போது அவளே பக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆபீசுக்கு லீவு கேட்டபோது, ஊர்ல ஒரு காரியம் என்று டைப் அடித்தார். மெடிக்கல் சாமான் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், என்ன காரியம் என்று அவர்களும் கேட்கவில்லை. டாக்ஸிக்காரர் பின் கதவைத் திறந்து வைத்து, உட்கார்ந்தபடியே டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, தண்ணீரால் கையைக் கழுவிக்கொண்டு, இவரைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும், காக்கிச் சட்டை, பையில் சகாயம் என்று பெயர் குத்தியிருந்தது. வந்து ஜன்னலில் குனிந்தார். பின் சீட்டில் இருந்த துணிக்கடைப் பையை ஒரு பார்வை பார்த்தார்.

"அவசரமா சார்? அவசரம்னா சொல்லுங்க, நான் எடுத்துட்றேன். எனக்குச் சவாரி ரெண்டு மணிக்குத்தான்."

"இல்ல இல்ல, பரவாயில்ல. நீங்க முடிச்சுக்குங்க."

சொல்லிவிட்டார். வாய் தானாகச் சொல்லிற்று. சகாயம், சரி சார், இன்னும் அரை மணிதான் என்று சொல்லிவிட்டு டாக்ஸிக்குப் போய்ச் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். அட பாவி. என்னடா சொன்ன? கூப்பிடு. இப்பவும் ஒன்றும் குடி முழுகிப் போய்விடவில்லை, கூப்பிட்டு, இல்ல பிரதர், ஒரு துக்க காரியம், மறந்துட்டேன் என்று சொல். மறந்துட்டேனா! சாவை மறந்தேன் என்று சொன்னால் அந்த ஆள் என்னை என்ன நினைப்பான்? சொல்ல முடியாது, இனிமேல் சொல்ல முடியாது. கண்ணை மூடிப் படுத்திருக்கிறவரைப் போய் எழுப்பவும் கூடாது. பரவாயில்ல என்று எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இந்த ஒரு வருஷமாகவே அது சுலபமாக வந்துகொண்டுதானே இருக்கிறது. அக்கா போனில் கூப்பிடுவாள். வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி, இன்றைக்கும் அவளுக்கு முறை உண்டு, இந்நேரம் அந்தக் கட்டிலில் படுத்திருப்பாள். ஆட்டோவில் போய் வர முதுகு விட்டுப்போகுதுடா பாணி, உன் வண்டியில சத்தமே இருக்காதாமே, குலுங்காதாமே, ஒரே ஒரு தடவ கூட்டிக்கிட்டுப் போயேன் என்றாள். வரேன்க்கா என்றார். வரவில்லை. ஏன்டா வரல என்று அவள் கேட்கவில்லை, இவராகவே சொன்னார், சார்ஜ் இல்லக்கா. அடுத்த வாரம், எங்க போனாலும் சார்ஜர் வேலை செய்யலக்கா. அதற்கடுத்த மாதம், வந்துக்கிட்டே இருந்தேன்க்கா, தாம்பரத்துல போட நின்னா பெரிய க்யூ, திரும்பிட்டேன். தாம்பரம் வரைக்கும் போகவே இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவள் கேட்டுக்கொண்டு, ஆமாடா, இந்த ஊர்ல எதுதான் ஒழுங்கா வேலை செய்யுது என்றாள். நம்பினாளா? நம்பித்தான் இருப்பாள்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவள் மேல் பாசம் இல்லாமலா? பள்ளிக்கூடத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள். பயம். வெறும் பயம். அம்மாவும் இதே வியாதியில்தான் போனாள், சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி, முகமெல்லாம் ஊதி, மூச்சில் ஒரு வாடை, அமோனியா மாதிரி. அப்போது கோதண்டபாணிக்குப் பதினேழு வயசு. அக்காவுக்கும் அதேதான் என்று சொன்னபோது ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கழுத்தில் ஒரு குழாய், குழாயில் ரத்தம் போய் ரத்தம் வருகிறது, பக்கத்தில் ஒரு பெட்டி திரையில் நிமிஷத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறது, இன்னும் மூணு மணி பன்னிரண்டு நிமிஷம். அக்கா சிரித்தாள். எனக்கும் சார்ஜ் போடுறாங்கடா என்றாள். டாக்டர் வந்தாள், சின்ன வயசுப் பெண், நீங்க தம்பியா சார், இது ரத்த வழியா வர்றது, நீங்களும் உங்க பிள்ளைகளும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க, இவங்களுக்கு இப்ப பதினொரு பர்சென்ட்தான் வேலை செய்யுது, உங்களுக்கு இப்பவே தெரிஞ்சா நிறைய செய்யலாம் என்றாள். சரிம்மா, எடுக்கிறேன் என்றார். காபி வாங்கிக்கொண்டு வரேன்க்கா என்று பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அப்படியே வாசலைத் தாண்டினார். பிளாஸ்க் இன்னும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது, நீல மூடி போட்டது, அவளுடையது. அதற்கப்புறம் அவள் எப்போது பேசினாலும் முடிக்கும்போது ஒரு கேள்வி. ஸ்கேன் எடுத்தியாடா? வேறு ஒன்றும் கேட்கமாட்டாள், ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை, அந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டாள். எடுத்தேன்க்கா, ஒண்ணுமில்ல என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். எல்லாப் பொய்யும் சொன்னவருக்கு அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை. அதனால் அவள் பெயர் போனில் வந்தாலே நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும், அடித்து ஓய்கிறவரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி எழுந்து பாத்ரூம் போனால் நிறத்தைப் பார்ப்பார், காலில் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். அழுத்தினால் யாருக்குத்தான் குழி விழாது. பன்னிரண்டு மணி வண்டி வந்து நின்று போனது. அவர் அசையவில்லை.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்குச் சகாயம் எழுந்து கன்னைப் பிடுங்கிக் கையிலேயே நீட்டினார். வாங்கிச் செருகினார் கோதண்டபாணி. ஆப்பில் பொத்தானை அமுக்கினால் சக்கரம் சுற்றிச் சுற்றி, தொடர்பு கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும். மீண்டும் முயன்றார். சகாயம் கிளம்பப் போனவர் திரும்பி வந்து, சார், கன்னை ஒரு அமுக்கு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் குடுங்க, இது இப்படித்தான் என்று தானே தோளைக் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். டிக்கென்று பூட்டிக்கொள்கிற சத்தம், பெட்டிக்குள் காற்றாடி ஓடத் தொடங்கியது, பச்சை விளக்கு. ஆறு. இந்நேரத்துக்குள் நின்ற இடத்திலேயே இரண்டு தேய்ந்திருக்கிறது. வரேன் சார் என்று டாக்ஸி போய்விட்டது. பன்னிரண்டு இருபத்தாறு. இருபது நிமிஷம் என்றால் பன்னிரண்டு நாற்பத்தாறு, ஒன்று இருபது, ஒன்று இருபத்தைந்து. எடுக்கிற நேரம் ஒன்றேகால் என்றால் ஒன்றேகாலுக்கா எடுக்கப் போகிறார்கள், பாடை கட்டி முடித்து, அழுது முடித்து, வாய்க்கரிசி போட்டு, எப்படியும் பத்து நிமிஷம் பிந்தும். கோடி வரவில்லை என்றால் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தத்தான் வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் எப்படி எடுப்பார்கள்? இந்த நினைப்பில் ஒரு கேவலமான ஆறுதல் இருந்தது, அது கேவலம் என்றும் தெரிந்தது. ஏழு. எட்டு.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு ஞானவேல் கூப்பிட்டான். பின்னால் பெண்களின் அழுகையும் யாரோ தண்ணி தண்ணி என்று கூப்பிடுவதும் கேட்டது. மாமா, எங்க வந்துட்டு இருக்கீங்க என்றான். கிண்டியில் இருப்பதாகவும் வண்டிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அழுகைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவர் மேலும் மேலும் சொன்னார், இல்லடா ஞானம், இன்னைக்கு நிஜமாவே, காலைலருந்து மூணு இடம், ஒண்ணுல சிக்னல் இல்ல, ஒண்ணுல எவனோ காரை விட்டுட்டுப் போயிட்டான், இங்க முன்னால ஒரு டாக்ஸி. நிஜமாவே என்ற வார்த்தை வாயை விட்டுப் போனபிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. ஞானவேல் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். சரிங்க மாமா, பாத்து வாங்க என்று ஒரு மாதிரி களைத்த குரலில் சொல்லி வைத்துவிட்டான். வேண்டுமானால் நான் யாரையாவது அனுப்பட்டுமா என்று அவன் கேட்கவில்லை. ரயில்ல வந்துடுங்களேன் மாமா என்றும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் வந்திருப்பேன் என்று கோதண்டபாணி நினைத்தார். சொல்லாதது அவன் தப்பு என்பது போல அவன் மேல் ஒரு கோபம் கூட வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

இருபது ஆயிற்று. இருபது போதுமா? நாற்பது கிலோமீட்டர் போகும் என்று திரை சொன்னது. இருபத்தைந்து கிலோமீட்டருக்கு நாற்பது போதும், குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடுவழியில் நின்றுவிட்டால்? இழுவை வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இன்னும் ஐந்து ஏறட்டும். இருபத்தைந்து. பன்னிரண்டு நாற்பத்தைந்து. எடு. கையைக் கதவில் வைத்தார். திரும்பி வரவும் வேண்டுமே, கூடுவாஞ்சேரியில் இருக்கிற ஒரே பச்சைப் புள்ளி எந்த லட்சணத்தில் இருக்கிறதோ, திரும்பி வருகிறதுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் நிம்மதி. எங்கேடா திரும்பி வருவது, முதலில் போய்ச் சேர். முப்பது. போனால் என்ன இருக்கும்? வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலியில் ஆண்கள், எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். காது கேட்காத அத்தான் ஒரு மூலையில். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. பெட்டியைத் திறந்து மூடியை ஒருத்தர் பிடித்துக்கொள்ள, இவர் குனிந்து, கிட்டத்தில், ரொம்பக் கிட்டத்தில், முகத்துக்கு நேரே குனிந்து புடவையை விரிக்க வேண்டும். முகம் ஊதியிருக்குமா? அம்மாவுக்கு ஊதியிருந்தது. அம்மா முகம், அக்கா முகம், கண்ணாடியில் தினமும் சவரம் செய்கிற இந்த முகம், எல்லாம் ஒரே தாடை, ஒரே அகல மூக்கு, யார் பார்த்தாலும் சொல்வார்கள். குனிந்தால் தன்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். அதுதான். வேறு ஒன்றுமில்லை, அதுதான். ஒரு பர்சென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பத்தாறு. போன வருஷத்திலிருந்து எந்தச் சார்ஜருக்கும் எதற்கும் சம்பந்தமில்லை, ஊரெல்லாம் பச்சைப் புள்ளி எரிந்திருந்தாலும், வீட்டு வாசலிலேயே ஒருத்தன் கன்னை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாலும், இவர் போயிருக்கமாட்டார். கோதண்டபாணிக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, இப்ப எடுத்துட்றேன்க்கா, இதோ எடுத்துட்றேன் என்று சொல்லிக்கொண்டே அழுதார். நாற்பத்தொன்று. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு வண்டியும் போயிற்று. பின்னால் இன்னொரு கார் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது. கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறுங்க என்று சைகை காட்டினார்.

ஒன்று பத்துக்குப் போன் அடித்தது. ஞானவேல். இந்தத் தடவை பின்னால் அழுகை இல்லை, தாரை தப்பட்டையும் வண்டி ஓடுகிற சத்தமும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவன் போலப் பேசினான். மாமா, பதறாதீங்க, எடுத்துட்டோம், ராகு காலத்துக்குப் பயந்து பெரியவங்க கொஞ்சம் முன்னாடியே எடுக்கச் சொல்லிட்டாங்க, இப்பத்தான் தெருமுனை திரும்புறோம் என்றான். கோதண்டபாணியின் வாயில் முதலில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். கோடி? அதெல்லாம் போட்டாச்சு மாமா என்றான் அவன். எப்படி போடுவீங்க, கோடி இங்க என்கிட்டல்ல இருக்கு என்றார் இவர், கிட்டத்தட்டக் கோபமாக.

"அம்மாவே வாங்கி வெச்சிருந்தாங்க மாமா. தை மாசமே. டயாலிசிஸ் முடிச்சு வர்ற வழியில ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அவங்களே இறங்கிப் போய் எடுத்தாங்க. பீரோவுல உங்க பேர் எழுதி வெச்சிருந்தாங்க. என் தம்பியால இதைப் பாக்க முடியாதுடா, அவன் வரமாட்டான், நாலு பேர் முன்னால அவன் பேர் கெடக் கூடாது, தமயந்தி கையில குடுத்து, பாணி குடுத்தனுப்பினான்னு சொல்லிப் போடச் சொல்லுன்னு சொன்னாங்க. அத்தையும் அப்படியே சொல்லித்தான் போட்டாங்க. எல்லாரும் நீங்க எடுத்ததுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க." குரலைத் தாழ்த்தினான். "வரும்போது உங்க கையில இருக்கிற பையைக் கார்லயே விட்டுட்டு வாங்க மாமா."

பெட்டிக்குள் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு. பின்னால் நின்ற கார்க்காரர் இறங்கி வந்து, இன்னும் எவ்வளவு நேரம் சார் என்று ஜன்னலில் குனிந்து கேட்டவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போனார். கோதண்டபாணி போனைக் காதிலேயே வைத்திருந்தார். ஞானவேலும் வைத்துவிடவில்லை, அவன் மூச்சும் தாரைச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஞானம்."

"சொல்லுங்க மாமா."

"என்ன கலருடா?"

"என்னது?"

"புடவை. யாராச்சும் கேட்டா நான் சொல்லணுமில்ல. என்ன கலரு எடுத்தேன்?"

மாம்பழ மஞ்சள் மாமா, பச்சை பார்டர் என்றான். மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர் என்று கோதண்டபாணி ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.